அனலில் காயும் கிழங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் ஒசோடி, கஷ்டத்திலும் தளராத மக்களைப் படமெடுக்கிறவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். தேடிப் பார்த்தேன், படங்கள் அழகாகவே இருக்கின்றன. அதுதான் உறுத்துகிறது. கஷ்டப்படுகிறவர்களின் மன உறுதியைக் கொண்டாடினால், அந்தக் கஷ்டத்துக்குக் காரணமானவர்கள் தப்பித்துவிட மாட்டார்களா?
ம., மதுரை

அன்புள்ள ம.,

படத்தில் சிரிப்பு மட்டும் இருந்தால் நிச்சயம் தப்பித்துவிடுவார்கள். இந்தக் கோபம் நைஜீரியர்களுக்கே உண்டு. பிதுங்கி வழியும் பஸ்ஸில் வதைபட்டுக்கொண்டே சிரிக்கும் ஜனங்களைப் பார்த்து நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டி 1978லேயே கோபமாகப் பாடிவிட்டார்.

ஒசோடி 2003 முதல் 2007 வரை, நைஜீரியாவில் எண்ணெய் எடுக்கும் பகுதியான நைஜர் டெல்டாவில் எடுத்த படங்கள் வேறு வகை. கச்சா எண்ணெயோடு சேர்ந்து எரிவாயுவும் மேலே வரும். அதைப் பிடித்துப் பயன்படுத்தச் செலவாகும் என்று கம்பெனிகள் அப்படியே கொளுத்திவிடுகின்றன. இரவு பகலாக எரியும் அந்த நெருப்பின் அனலில், அங்குள்ள உகெல்லி ஊர்ப் பக்கத்துப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கைக் காயவைக்கிறார்கள். துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். காய்ந்ததும் ‘க்போக்போ காரி’ என்று சந்தைக்குப் போகும். மழை கொட்டும் பிரதேசம் அது, வெயிலை நம்ப முடியாது. இந்த அனலில் காயவைத்தால் விறகுச் செலவும் மிச்சம். பதிலுக்கு அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும்.

இந்தப் பெண்களைத் தியாகிகளாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கணக்குப் போட்டுப் பிழைக்கிறவர்கள் அவர்கள். ஒசோடி அவர்களை நெருப்பிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை, அதனால்தான் அவரை மதிக்கிறேன். உழைப்பைப் பார்க்கிற கண் பின்னால் எரிவதையும் பார்த்தே ஆக வேண்டும். அது ஏன் இன்னும் எரிகிறது என்ற கேள்வி தானாக வருகிறது. 1984 ஜனவரியிலிருந்து அரசின் அனுமதி இல்லாமல் எரிக்கக் கூடாது என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். ஒசோடி படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2005இல், நைஜீரியாவின் பெனின் நகரில் இருந்த உயர் நீதிமன்றம் இப்படி எரிப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றே தீர்ப்புச் சொன்னது. அப்புறமும் நெருப்பு அணையவில்லை.

உங்கள் பயம் நியாயமானது. ஒரு படத்தை மட்டும் வெட்டியெடுத்து, ‘தளராத மனிதர்கள்’ என்று தலைப்பிட்டு நாட்காட்டியில் போட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில், டாக்குமென்டா கலைக் கண்காட்சியில், ஒசோடியின் இந்தப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடின. முடிந்தால் அப்படித் தொடராகப் பாருங்கள், பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.