கணினிக் கேள்வி-பதில்: எஸ்க்யூஎல்லில் அடுத்த படி

கேள்வி: தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் மொழியான எஸ்க்யூஎல்லில் செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை ஆகிய கட்டளைச் சொற்களைக் கற்றுக்கொண்டு, கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எஸ்க்யூஎல்லில் அடுத்து எதைக் கற்க வேண்டும்? (வாசகி, ஈரோடு)

பதில்: புதிய கட்டளைகளைத் தேடிப் போவதற்கு முன், அட்டவணைகளை இணைக்கும் ஜாயினையே, அது தெரிந்ததுதான் என்றாலும், ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 1,000 ரூபாய் பில் ஒன்றில் 500, 300, 200 ரூபாய் விலையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் 600 ரூபாயை ரொக்கமாகவும் 400 ரூபாயை யூபிஐ மூலமாகவும் செலுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் பில் எண்ணைக் கொண்டு ஒரே வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) இணைத்தால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வரவோடும் சேர்ந்து 6 வரிசைகள் வரும். அவற்றைக் கூட்டினால் விற்பனை 2,000 என்றும் வரவு 3,000 என்றும் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது; தவறான தொகை அப்படியே முதலாளியின் மேசைக்குப் போய்விடும்.

பலர் இந்த இடத்தில், திரும்ப வரும் மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் செருகிச் சமாளிக்கிறார்கள். ஒரே பில்லில் 200 ரூபாய்ப் பொருள்கள் இரண்டு வந்தால் அதுவும் காலை வாரிவிடும், ஏனெனில் இரண்டில் ஒன்று கணக்கிலேயே சேராது. பொருள்களைப் பில்வாரியாகத் தனியே கூட்டி, வரவுகளையும் அவ்வாறே தனியே கூட்டி, இரு பக்கமும் பில்லுக்கு ஒரு வரிசை என்று ஆன பிறகே இணைப்பதுதான் சரியான வழி. வித் என்று தொடங்கும் வினவலில் இக்கட்டங்களுக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்து எழுதலாம் என்பதால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும். ‘இந்தக் கட்டத்தில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, பில்லையா, பில்லில் உள்ள பொருளையா?’ என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் அடிப்படையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்து விண்டோ ஃபங்ஷன்களைக் கற்றுக்கொள்ளுங்கள். குரூப் பை பல வரிசைகளை ஒன்றாகச் சுருக்கிவிடும். ஓவர் என்ற சொல்லுடன் வரும் கணக்கீடோ வரிசைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் விடையை எழுதும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில் எது என்ற கேள்விக்கு, வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்து, தேதியை இறங்குவரிசையில் வைத்து ரோ நம்பர் கொண்டு 1, 2, 3 என்று எண் இட்டு, வெளி வினவலில் 1 என்ற எண் பெற்றவற்றை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பில் போட்டிருக்கக்கூடும் ஆகையால், தேதிக்கு அடுத்துப் பில் எண்ணையும் வரிசைப்படுத்தலில் சேர்த்துவிடுங்கள். இந்த வசதி எஸ்க்யூஎல் தரநிலையில் 2003ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டாலும், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு 2018இல் வெளியான 8.0 பதிப்பில்தான் வந்தது. பழைய மைஎஸ்க்யூஎல் பாடநூல்களில் இதைத் தேடிப் பயனில்லை.

கேள்வி: இதுவரை எதுவும் வாங்காத வாடிக்கையாளர்களை எடுக்க, விற்பனை அட்டவணையில் இல்லாத வாடிக்கையாளர் எண்களைத் தேடும் வகையில் நாட் இன் பயன்படுத்தினேன். அப்படிப் பலர் இருந்தும் ஒரு வரிசைகூட வரவில்லை. ஏன்? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் விற்பனை அட்டவணையில், பெயர் பதியாமல் வாங்கிச் சென்ற யாரோ ஒருவருக்கு வாடிக்கையாளர் எண் நல் ஆக இருக்கும். நல் என்பது பூஜ்யமும் அன்று, வெற்றெழுத்தும் அன்று. மதிப்பு தெரியாது என்பதற்கான குறி. 17 என்ற வாடிக்கையாளர் எண் அந்தத் தெரியாத மதிப்புக்குச் சமமில்லை என்று உறுதிகூற முடியாததால், ஒப்பீட்டின் விடை உண்மையும் ஆகாமல் பொய்யும் ஆகாமல் ‘தெரியாது’ என்றே நிற்கிறது. வேர் நிபந்தனையோ உண்மை என்று உறுதியானவற்றை மட்டுமே உள்ளே விடும். பொருந்தும் விற்பனை ஏதும் இல்லையா என்று சோதிக்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: தேதி நெடுவரிசைக்கு, விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் போட்டும் 2023ஆம் ஆண்டு விற்பனையை எடுக்கும் வினவல் மெதுவாகவே ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பயன்படுத்துகிறோம். (வாசகர், திருச்சி)

பதில்: தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து 2023உடன் ஒப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இண்டெக்ஸில் அடுக்கப்பட்டிருப்பது முழுத் தேதி. அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஆண்டு அங்கே இல்லாததால் அந்த நிபந்தனைக்கு இண்டெக்ஸ் உதவாது. 2023 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், 2024 ஜனவரி 1க்கு முன் என்று நிபந்தனையை மாற்றினால், தேதியையே கொண்டு தேட வழி பிறக்கும். அதற்குப் பிறகும், எடுக்கப்படுவது அட்டவணையின் பெரும்பகுதியாக இருந்தால், முழுவதையும் படிப்பதே மலிவு என்று தரவுத்தளம் முடிவுசெய்யலாம்; அது குறையன்று.

எதையும் ஊகிக்காமல், வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். எதிர்பார்த்த வரிசைகளின் எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் அருகருகே தெரியும். இரண்டுக்கும் பெரும் இடைவெளி இருந்தால் முதலில் அனலைஸ் கட்டளையால் புள்ளிவிவரங்களைப் புதுப்பியுங்கள். ஆனால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் வினவலை உண்மையாகவே ஓட்டிப் பார்க்கும். டெலீட், அப்டேட் போன்றவற்றை அதைக் கொண்டு சோதிப்பதாயின், பிகின் போட்டுத் தொடங்கி, பார்த்து முடித்ததும் ரோல்பேக் கொண்டு மாற்றங்களை ரத்துசெய்துவிடுங்கள்.