ஆறு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும்

கேள்வி: முன்கோபமும் பிடிவாதமும் உள்ள தலைவரிடம் திறமைசாலி அதிகாரிகள் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்? பதவி சுகம்தானே?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: பதவி சுகம் நிறையப் பேருக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து ஆலன் ப்ரூக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

1941 டிசம்பர் முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பிரிட்டிஷ் தரைப்படையின் தலைவர் இவர். மேலே பிரதமர் சர்ச்சில். அவர் மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்து, நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நடத்துவார். மறுநாள் காலை ப்ரூக் வழக்கம்போல ஆபீசில் இருக்க வேண்டும். திடீரென்று வடக்கு நார்வேயில் படையை இறக்கலாம் என்பார் சர்ச்சில். இன்னொரு சமயம் சுமத்ராவின் வடமுனை. அதற்கெல்லாம் கப்பல் எங்கே, விமானம் எங்கே என்று கேட்டுக் கேட்டு நிறுத்துவதிலேயே ப்ரூக்கின் பாதி ஜீவன் போனது. ஒத்துக்கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வார். கையில் இருக்கும் பென்சில் ஒடியும்.

1942 ஆகஸ்டில், கெய்ரோவில், மத்திய கிழக்குப் படைகளின் தலைமையை எடுத்துக்கொள்கிறாயா என்று சர்ச்சில் கேட்டார். களத்தில் படை நடத்த வேண்டும் என்பது ப்ரூக்குக்குப் பெரிய ஆசை. தினசரி ரோதனையிலிருந்தும் விடுதலை. இருந்தும் மறுத்துவிட்டார். உண்மையான காரணத்தைச் சர்ச்சிலிடம் சொல்லவில்லை, எழுதி வைத்தார்: இந்த மனிதரை எப்படி அணுகுவது என்று பலமுறை தோற்றுத்தான் நான் கற்றுக்கொண்டேன், புதிதாக வருபவர் அதைக் கற்க ஆறு மாதமாவது ஆகும், அந்த ஆறு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

அதற்குக் கிடைத்த கூலி? பிரான்ஸ் மீதான படையெடுப்பின் தலைமை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்த சர்ச்சில், 1943 ஆகஸ்டில் கியூபெக்கில், அது அமெரிக்கருக்குப் போகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. அப்போதும் ப்ரூக் போகவில்லை. சர்ச்சில் இல்லாவிட்டால் இங்கிலாந்து நிச்சயம் தோற்றிருக்கும், அவரால் பலமுறை அழிவின் விளிம்புக்கும் வந்திருக்கிறது என்று 1944-ல் டைரியில் புலம்பியதோடு சரி. (ஓய்வு கிடைத்தால் பறவை பார்க்கப் போய்விடுவார். அது இல்லையென்றால் என்ன ஆகியிருப்பாரோ!)

'என்னைவிட்டால் யார்' என்று நாற்காலியில் இருப்பவர் எல்லாரும் சொல்வதுதான். ப்ரூக் சொன்னது செல்லுபடியானதற்குக் காரணம், பாதி, சர்ச்சில். கத்துவார், மேஜையைத் தட்டுவார். ஆனால் முப்படைத் தளபதிகள் ஒன்றுசேர்ந்து முடியாது என்றால், கடைசியில் இறங்கிவந்துவிடுவார்.

நம் ஊரில் பி.என்.ஹக்சரைப் பாருங்கள். 1967-லிருந்து இந்திரா காந்தியின் வலதுகை. வங்கி தேசியமயம், வங்கதேசப் போர் எல்லாவற்றிலும் அவர் மூளை உண்டு. சஞ்சயின் கார் தொழிற்சாலை வேண்டாம் என்றார், செல்வாக்கு போயிற்று. நெருக்கடி நிலையின்போது டெல்லி கன்னாட் பிளேஸில் அவர் உறவினர்களின் கடையில் சோதனை போட்டு, வயதான உறவினரைக் கைது செய்தார்கள். குற்றம், பொருள்களில் விலைச்சீட்டு இல்லையாம்! அப்போது ஹக்சர் திட்டக் கமிஷனின் துணைத்தலைவர். 1977 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அந்த வாரமே அவர் ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. செய்திருந்தால் அவரையும் உள்ளே தள்ளியிருப்பார்களே என்பீர்கள். தள்ளியிருக்கலாம்.