அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் பெர்லின் தலைமையகத்தில் ஆட்களை அடைத்துச் சித்திரவதை செய்தார்களா?

அடைத்து விசாரிக்க ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை தனியாக இருந்தது. லிச்டென்பெர்க் பகுதியில் இருந்த தலைமையகம், கோப்புகள் நிறைந்த அலுவலகம். கொடுமையைத் திட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது. எனக்கு அதுதான் இன்னும் பயங்கரமாகப் படுகிறது.

ஸ்டாசியின் தலைவராக இருந்த அமைச்சர் எரிக் மீல்கேயின் 1/76 உத்தரவை (1976) எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாளர்களைக் கைது செய்தால் வெளிநாடுகளில் கெட்ட பெயர் வரும். அதனால் ஆளை மனதளவில் உடைத்துவிட வேண்டும். அவதூறு கிளப்புவார்கள், வேலையில் முன்னேற விடமாட்டார்கள், நண்பர்களுக்குள் சந்தேகத்தை மூட்டிவிடுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதும் உண்டு. எதுவும் திருட்டுப் போகவில்லை, பூட்டும் உடையவில்லை. 'யாரோ வந்து போகிறார்கள்' என்று சொன்னால் யார் நம்புவார்? சொன்னவருக்குத்தான் பைத்தியக்காரப் பட்டம்.

1990 ஜனவரி 15 அன்று மக்கள் அந்தத் தலைமையக வளாகத்துக்குள் புகுந்தார்கள். 1992-ல் கோப்புகளைப் பார்க்க அனுமதி கிடைத்த பிறகுதான் பலருக்குத் தங்கள் வாழ்க்கை ஏன் அப்படிச் சீரழிந்தது என்றே புரிந்தது. மனித உரிமைப் போராளி வேரா வோலன்பெர்கரை வேவு பார்த்துத் தகவல் கொடுத்தவர்களில் ஒருவர், அவருடைய கணவர்.