தோட்டத்துக் காற்றும் தொழிலாளர் நெஞ்சும்: ஆஸ்துமா கேள்வி பதில்

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், பண்ணைத் தொழிலாளர்கள் வந்துபோகும் மருத்துவமனை ஒன்றில் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: டாக்டர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தோப்பும் தோட்டமுமாக இருக்கும் ஊரில் காற்று எப்படிக் கெடும்?

கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே தெஹாச்சபி மலை. இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்த புகை எளிதில் வெளியேறாது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தேங்கிவிட, மேலே இருக்கும் வெப்பக்காற்று அதை எழும்பவிடாமல் அழுத்தி வைக்கிறது. 99ஆம் எண் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகள் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்குகின்றன. பால் பண்ணைச் சாணத்திலிருந்து அம்மோனியா எழுகிறது. இரண்டும் கலந்து அம்மோனியம் நைட்ரேட் நுண்துகளாகி நுரையீரலின் அடி வரை இறங்குகின்றன. கோடையில் வெயில் அதே புகையிலிருந்து ஓசோனை உண்டாக்குகிறது.

இதோடு பாதாம் அறுவடைத் தூசியும் சேர்கிறது. இயந்திரம் மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும். உதிர்ந்த காய்கள் சில நாள் தரையிலேயே காய்ந்தபின் அவற்றைப் பெருக்கி வரிசையாக்கி, மற்றோர் இயந்திரம் அள்ளிக்கொண்டு போகும். அது போகும் வழியெல்லாம் மண் மேகமாக எழும். கலிபோர்னியா பாதாமை வெளிநாடுகளில் மிக அதிகமாக வாங்குவது இந்தியாதான். நம் பாயசத்தில் மிதக்கும் பருப்புக்காக யாரோ அந்தத் தூசியைச் சுவாசித்திருக்கிறார்கள்.

மதுரை வாசகி: பூச்சிமருந்தால் பிள்ளைகளுக்கு இளைப்பு வருமா?

வரக்கூடும். கந்தகத் தூளைப் பற்றிப் பலர் கவலைப்படுவதே இல்லை. திராட்சையில் சாம்பல் நோய் வராமல் தடுக்க அதைத் தூவுகிறார்கள். இயற்கை விவசாயத்திலும் அதற்கு அனுமதி உண்டு. கலிபோர்னியாவிலேயே உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பிறப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2017இல் வெளியிட்ட முடிவு இது: கந்தகம் தூவிய வயல்களுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் திறன் குறைவாகவும், ஆஸ்துமா அறிகுறிகள் கூடுதலாகவும் இருந்தன. ‘இயற்கை’ என்ற முத்திரை சாப்பிடுகிறவருக்கு நிம்மதி தரலாம்; வயலோரம் வாழும் குழந்தைக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

சென்னை, மருத்துவ மாணவர்: லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கே ஆஸ்துமா அதிகமா?

எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள், தம்பி. கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்து, அமெரிக்காவில் வாழும் மக்களிடையே ஆஸ்துமா மிக அதிகம். மெக்சிகோ வம்சாவளியினரிடம் கணக்குப்படி குறைவு. ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு, குடிபெயர்ந்து வந்த பெற்றோரைவிட அதிகமாக வருகிறது. மருத்துவரையே பார்க்காதவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலிருந்து வந்த பலருக்குத் தாய்மொழி ஸ்பானியம் அல்ல, மிஷ்டெக்கோ என்ற பழங்குடி மொழி. ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தாலும் பேச்சு பாதிதான் போய்ச் சேரும்.

திருச்சி வாசகர்: காற்று கெட்ட நாளில் வீட்டிலேயே இருந்துவிடலாமே?

இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பறித்த பெட்டிக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அந்த வார வாடகை இடிக்கும். வீட்டுக்குள் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பல வீடுகளில் ஏசி இல்லை, ஈரத் தட்டி வைத்த ஏர்கூலர்தான். அது வெளிக்காற்றை இழுத்துத்தான் குளிர்விக்கும். காட்டுத்தீ நாளில் புகையையும் சேர்த்தே உள்ளே கொண்டுவரும்.

2019 முதல் மாநிலத்தில் ஒரு விதி இருக்கிறது. காட்டுத்தீப் புகையால் நுண்துகளுக்கான காற்றுத்தரக் குறியீடு 151ஐ எட்டினால் முதலாளி என்95 முகக்கவசம் தந்தாக வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை மண்ணைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. ஆனால் 40 டிகிரி வெயிலில் குனிந்து பறிப்பவர் என்95 அணிந்து எவ்வளவு நேரம் தாங்குவார்? புகை நாளில் வேலையை நிறுத்திக் கூலியைக் கொடுப்பதுதான் சரியான வழி என்பேன்.

சேலம் வாசகி: இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே, டாக்டர். அங்கேயும் இந்தப் பயம் உண்டா?

அப்படியே உண்டு, அம்மா. தாய்மார்கள் பையைத் திறந்து கொட்டினால், உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் மூன்று, நான்கு தீர்ந்து கிடக்கும். அன்றாடம் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் பிரிக்காமலே இருக்கும். முதலாவது இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும், அதன் வீக்கத்தை ஆற்றாது. இரண்டாவதை ஒழுங்காக எடுத்தால் முதலாவதன் தேவை குறையும். அதற்கு அடிமையாக மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு இணைத்து, மருந்தை மெல்ல உள்ளிழுக்க உதவும் குடுவை) பொருத்திக் கொடுங்கள். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

நெல்லை வாசகர்: நிலைமை மாறுகிறதா?

மெதுவாக மாறுகிறது. பிடுங்கிய பழமரங்களையும் கொடிகளையும் தோட்டத்திலேயே எரிப்பதைக் கட்டுப்படுத்த 2003இல் சட்டம் வந்தது. தள்ளித் தள்ளிப்போய், 2025 தொடக்கத்தில்தான் பெரும்பாலும் நின்றது. 2025 மார்ச்சில், கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிமருந்துகளைத் தெளிக்கும் முன்பே மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு மாநிலம் முழுவதும் வந்தது. கைப்பேசியில் பதிந்துகொண்டால் செய்தி வரும், ஜன்னலைச் சாத்தலாம். ஆனால் எந்தத் தோட்டம் என்று அது சொல்லாது; ஒரு சதுர மைல் வட்டாரத்தைத்தான் காட்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் கந்தகம் இல்லை, அதனால் அதற்கு இந்த அறிவிப்பும் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.