லேப்டாப் கேள்வி-பதில்: வேலூர் வெயிலுக்கு எது தாங்கும்?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். மகன் இந்த ஆண்டு காட்பாடிப் பக்கம் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். தினமும் ரயிலில் போய் வருகிறான். படிப்புக்கும், நேரம் கிடைக்கும்போது கேம் விளையாடவும் ஒரு லேப்டாப் கேட்கிறான். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று ஐ7 1255யு, மெல்லியது, 8 ஜிபி ரேம், 62,000 ரூபாய். இன்னொன்று ஐ5 12450எச், தடிமனானது, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 68,000 ரூபாய். "ஐ7தான் பெரியது, அதிலேயே கேமும் ஓடும், அதுவும் கேமிங் லேப்டாப்தான்" என்கிறார் கடைக்காரர். பையன் இரண்டாவதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விளையாடுவதற்காகத்தான் கேட்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். எதை வாங்குவது?
— ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: விளையாடுவதற்காகத்தான் கேட்கிறான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அவன் சொல்வதுதான் சரி.

ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தா நீங்கள் லுங்கி கொள்முதல் செய்கிறீர்கள்? கையில் கசக்கி, வெளிச்சத்தில் விரித்து நெருக்கம் பார்த்து, சாயம் நிற்குமா என்று ஓரத்தை நனைத்துப் பார்ப்பீர்கள். லேப்டாப்பின் மூளையான பிராசஸருக்கு ஐ5, ஐ7 என்று வைத்திருப்பதெல்லாம் லேபிள். பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் துணி. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டுமே இன்டெலின் 12ஆம் தலைமுறை. கடைசியில் 'யு' வந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ரகம், அடிப்படை 15 வாட். கோர் என்றால் பிராசஸருக்குள் வேலை செய்யும் ஆள் மாதிரி. அந்த ஐ7இல் கடுமையான வேலைக்கான பெரிய கோர்கள் இரண்டுதான் இருக்கின்றன. மற்ற எட்டும் சில்லறை வேலைக்கானவை. 'எச்' வந்தால் 45 வாட் ரகம். அந்த ஐ5இல் பெரியவை நான்கு, சிறியவை நான்கு. கேம் ஓடும்போது வண்டியை இழுப்பவை பெரிய கோர்கள்தாம்.

அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி இல்லாத கோயில் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியதோடு அந்தக் கேலி போயிற்று. காலியான அந்த இடத்தில் உங்கள் கடைக்காரர் 'கிராபிக்ஸ் கார்டு இல்லாத கேமிங் லேப்டாப்'பைச் சேர்த்துவிட்டார். கிராபிக்ஸ் கார்டு என்பது கேமின் படங்களை வரைந்து தரும் தனிச் சிப். அது இல்லாமல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே வாலரண்ட் போன்ற இலகுவான கேம்கள் ஓடும், உண்மைதான். ஜிடிஏ 5 அளவுக்குப் போனால் திணறும். அதற்குப் பின் வந்த பெரிய கேம்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் லேப்டாப்புக்கு 4 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. இது ரேம் அல்ல, கார்டின் சொந்த நினைவகம். 6 ஜிபியைக் கேளுங்கள். அடுத்தது வாட். இதே கார்டை ஒரு நிறுவனம் 40 வாட்டில் ஓடவிடும், இன்னொன்று 70, 80 வாட் வரை கொடுக்கும். வாட் குறைந்தால் வேகமும் குறையும். பெட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பகுதியில் கிராபிக்ஸ் பவர் என்னவென்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம், சூடு. லேப்டாப்பை அலசிப் பார்த்து யூடியூபில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். நாம் இருப்பது சுற்றிலும் பாறைமலை சூழ்ந்த ஊர். சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குடித்த வெயிலை மலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் விசிறி குளிர்ந்த காற்றை உற்பத்தி செய்வதில்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அறை பத்து டிகிரி கூடினால் உள்ளே சிப்பும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். 95, 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகம் இப்படித்தான் காணாமல் போகிறது.

போன மே மாதம் தொரப்பாடியிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு என் பட்டறைக்கு வந்தான். கேமைத் தொடங்கியதும் நன்றாக ஓடுகிறது, கால் மணி நேரத்தில் திக்கித் திக்கி நகர்கிறது, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று அவனே முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். அடிமூடியைக் கழற்றினால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு நடுவே இலவம்பஞ்சு கட்டி கட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. பழைய மெத்தையின் மேல் வைத்து ஓராண்டு விளையாடியிருக்கிறான். படுத்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில். ஒரு தூரிகை, கொஞ்சம் காற்று, சிப்பின் மேல் புதிதாகப் பூசிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட், அவ்வளவுதான் வைத்தியம். கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. புதிய லேப்டாப் வாங்க அப்பாவிடம் பணம் கேட்டு வைத்திருந்தானாம், என்மேல் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே கடையில் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். அடியில் காற்று நுழையும் சல்லடை எவ்வளவு பெரியது, பின்னால் காற்று வெளியேற எத்தனை வழி, விசிறி ஒன்றா இரண்டா என்று பாருங்கள். தடிமன் ஒரு குறையாக உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அது காற்றோட்டமுள்ள வீடு. வாங்கிய பிறகு படுக்கையில் வைக்காமல் மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்திக்கொண்டால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை தூசி எடுத்துவிட வேண்டும்.

ரயில் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ரகம் பெரும்பாலும் இரண்டே கால் கிலோ அளவில் இருக்கும், சார்ஜர் தனியாக அரைக் கிலோ வரும். பையன் சுமப்பான், கேட்டது அவன்தானே. பேட்டரியில் பாடம் படிக்கலாம், நிரல் எழுதலாம். கேம் விளையாடினால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சார்ஜர் இல்லாதபோது கிராபிக்ஸ் கார்டும் முழு பலத்தோடு ஓடாது. குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரை ரயிலில் விளையாட முடியாது என்பது உங்களுக்கு ஓர் ஆறுதல்.

திரையைப் பற்றி உங்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். இந்த விலையில் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் என்று பெருமையாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான ஓர் அளவு. படம் வழுக்கிக்கொண்டு ஓடும், நிறம் மட்டும் வெளுத்துப்போயிருக்கும். உங்கள் சரக்கின் படத்தை அந்தத் திரையில் பார்த்து ஆர்டர் எடுத்தீர்களானால், மயில் கழுத்து நிறம் அழுக்கு நீலமாகத் தெரியும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் சண்டை வரும். எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அளவில் 100 சதவீதம் என்று போட்ட திரை கிடைத்தால் இரண்டு, மூன்றாயிரம் கூடக் கொடுக்கலாம்.

கடைசியாக, உத்தரவாதம். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம் சுமந்துகொண்டு போக வேண்டுமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். லேப்டாப்பைப் பிழைப்பாக வைத்திருக்கும் நானே ஒருமுறை இதைக் கேட்காமல் வாங்கினேன். விசைப்பலகை பழுதாகி, சென்னைக்கு அனுப்பி, மூன்று வாரம் அடுத்தவர் லேப்டாப்பில் என் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு 45,000 ரூபாய்க்குள் லேப்டாப் வேண்டும். எப்போதாவது மைன்கிராஃப்ட் விளையாடுவாள். ஒரே நிறுவனத்தில் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு கிடைக்கின்றன. பத்து எண்தான் வித்தியாசம், விலை குறைந்ததையே வாங்கலாமா?
— ஆசிரியை, ஆரணி

பதில்: அந்தப் பத்துக்குள்தான் சூட்சுமம் இருக்கிறது, அம்மா. ரைசன் என்பது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர். நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள். அது '2' என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. '3' என்றால் ஜென் 3. முதல் இலக்கமான 7ஐப் பார்த்து இரண்டும் ஒரே வயது என்று நினைத்துக்கொள்கிறோம். 7520யுவில் நான்கு கோர், 7530யுவில் ஆறு. கிராபிக்ஸும் முன்னதில் மிகச் சிறியது. இன்னொரு சங்கடம், 7520யு லேப்டாப்பில் ரேம் பலகையோடு பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி என்றால் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான்.

7530யுவை வாங்குங்கள். ரேமுக்குக் காலி இடம் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் இன்னொரு 8 ஜிபியைப் போட்டுவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ரேமைத்தான் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒற்றைத் துண்டாக இருப்பதைவிட ஜோடியாக இருந்தால் கேம் கண்கூடாக வேகம் எடுக்கும். மைன்கிராஃப்டுக்கு இதுவே தாராளம். தனி கார்டு உங்கள் மகளுக்குத் தேவையில்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

கேள்வி: விடுதியில் சீனியர் ஒருவர் தன் பழைய கேமிங் லேப்டாப்பை 30,000 ரூபாய்க்குத் தருகிறார். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 9ஆம் தலைமுறை ஐ5. வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, 1650 வந்தது 2019இல். இன்றும் ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாம் ஓட்டும், புதிய கேம்களில் படத்தின் தர அமைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். நீ பார்த்திருப்பது 9, தப்பித்தாய்.

பணம் கொடுக்கும் முன் மூன்று காரியம் செய். மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடு. கீல் நறநறவென்றாலோ ஓரத்தில் பிளாஸ்டிக் விரிந்திருந்தாலோ விட்டுவிடு. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்து, டிசைன் கெபாசிட்டியையும் (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் (இப்போது பிடிப்பது) ஒப்பிடு. பின்னது பாதிக்கும் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேள். பிறகு மதியம் இரண்டு மணிக்கு, விடுதி அறையிலேயே, அரை மணி நேரம் கேம் விளையாடிப் பார். காலையில் காட்டுகிறேன் என்று சீனியர் சொன்னால் காரணத்தைக் கேள். 30,000 எனக்குக் கூடுதலாகத்தான் படுகிறது. 24,000இல் பேச்சைத் தொடங்கு.

கேள்வி: கூலிங் பேட் வாங்கினால் சூடு குறையுமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கொஞ்சம் குறையும். அதில் பாதி, லேப்டாப்பைத் தூக்கி வைப்பதால் வருவது. அதை இரண்டு மரத்துண்டுகள் இலவசமாகச் செய்யும்.

கேள்வி: லேப்டாப் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கிறது. பேட்டரி உப்பிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— தோல் ஏற்றுமதி அலுவலகக் கணக்கர், வாணியம்பாடி

பதில்: நூறு சதவீதத்திலேயே, அதுவும் சூட்டிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் தளரும், உப்பியும் வந்திருக்கிறது, என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பிலேயே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. அதைப் போட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். டச்பேடு மேலெழும்பி, சொடுக்க முடியாமல் இறுகினால் மட்டும் அன்றே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அணைத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள்.