கட்டிலுக்கடியில் 310 புத்தகங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மனிதர்களை வைத்து எழுதிய பன்னிரண்டு சிறுகதைகளைப் போன வருஷம் புத்தகமாக்கினேன். 500 பிரதிகள் அடிக்க 175,000 ரூபாய் ஆனது. அதற்காக என் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தேன். புத்தகத்தின் விலை 600 ரூபாய். ஹட்டனில் வெளியீட்டு விழா வைத்தோம். மண்டபம், தேத்தண்ணிச் செலவெல்லாம் வந்த கவர்களோடு சரியாகிவிட்டது. அன்றும் அதற்குப் பிறகுமாக 130 பிரதிகள் விற்றன. 60 பிரதிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டேன். மிச்சம் 310 கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கடைகளில் நூற்றுக்கு முப்பத்தைந்து கழிவு கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் "எனக்கு ஒரு புத்தகம் தரமாட்டியா?" என்கிறார்கள். அவர்களிடம் காசு கேட்க வாய் வருவதில்லை. எழுதியவளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது மரியாதைக் குறைவு என்று எங்கள் பாடசாலை அதிபர் சொல்கிறார். இரண்டாவது தொகுப்புக்கும் கதைகள் சேர்ந்துவிட்டன. நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, மற்றதைப் பேசுவதற்கு முன் அந்தப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே எடுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் பக்கம் செப்டெம்பர் வரைக்கும் சுவரே வியர்க்கும். சிமெந்துத் தரையில் கிடக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அட்டை வளையும், ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நாலு செங்கல்லின் மேல் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழை விட்ட நாளில் பெட்டிகளைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள். என் முதல் புத்தகத்தில் அறுபது பிரதிகளை நான் ஈரத்துக்குக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்காது.

சரி, இப்போது உங்கள் அதிபர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் மலையகத்தில் அச்செழுத்து மக்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன், வெளியாளைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், தொழிலாளர் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக உள்ளே போய் அங்குள்ள நிலைமையைக் கண்டு வந்தார். பிறகு அதைப் பத்திரிகையில் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தானே எழுந்து நின்று பாடினார். அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகங்களாக அச்சாகின. சம்பள நாளில் டவுனில் நின்று பாடி, சில சத விலைக்குப் பாட்டுப் புத்தகம் விற்றவர்களும் இருந்தார்கள். என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவருடைய தகரப் பெட்டியில் அப்படி வாங்கிய புத்தகம் ஒன்று வெற்றிலைக் கறையோடு கிடந்தது. ராத்திரி குப்பி விளக்கடியில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பாடியவரின் குரல் காதில் விழுந்திருக்காவிட்டால் எழுத்தறியாத அந்தப் பொம்பளை காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியிருப்பாரா?

யாழ்ப்பாணத்திலும் எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இலக்கிய இதழைக் கையில் கொண்டு தெருத்தெருவாக நடந்தே விற்றார். பல்லாண்டு காலம் அந்த இதழ் நின்றது அவருடைய கால்களில்தான். அவருடைய மரியாதை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அதிபரிடம் இதைச் சண்டைக்குச் சொல்லவேண்டாம். உங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு நடங்கள்.

அடுத்து கணக்கு. கொப்பியை எடுத்து என்னோடு சேர்ந்து போடுங்கள். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 350 ரூபாய். விற்ற 130க்கு 78,000 வந்திருக்கிறது. இன்னும் 97,000 வந்தால் அச்சுச் செலவு திரும்பிவிடும். கடைக்குக் கொடுத்தால் கழிவு போக ஒரு பிரதிக்கு உங்களுக்கு 390 மிஞ்சும். அந்த வழியில் 249 பிரதிகள் விற்கவேண்டும். நீங்களே நேரில் விற்றால் 162 போதும். அடகு வட்டி இதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கையில் வருகிற காசை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது வங்கியில் கட்டிக் கடனின் முதலைக் குறையுங்கள். 310 என்ற எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். உங்களை நெருக்குகிற எண் 162தான்.

அந்த 162 பேர் எங்கே இருக்கிறார்கள்? நீங்கள் ஹட்டனில் விழா வைத்தீர்கள். தலைமையுரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் நடந்திருக்கும். வந்தவர்களில் பாதிப்பேர் எழுதுகிறவர்கள், மீதிப்பேர் சொந்தக்காரர்கள். கதை யாரைப் பற்றியதோ அவர்கள் அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் புத்தகம் இன்னும் போகவே இல்லை. உங்கள் வேலை மிச்சமிருப்பது அங்கேதான்.

சம்பளம் 10ஆம் திகதி போடுவார்கள். அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கள் சொந்தத் தோட்டத்திலேயே தொடங்குங்கள். கோயில் முன்றில், வாசிகசாலை, லயத்து இஸ்தோப்பு, எது வசதியோ அது. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். பத்து நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து நீங்களே வாசியுங்கள். ஆசிரியை என்பதால் குரல் பழகியிருக்கும், ஆனால் பாடம் நடத்துகிற மாதிரி வாசித்துவிடாதீர்கள். முந்தின நாள் வீட்டில் இரண்டு தரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நீளமான வசனத்தில் மூச்சு முட்டினால் அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். கதை முடிந்ததும் யாராவது ஒருவர் "இது நம்ம மேட்டு லயத்துல நடந்ததுதானே?" என்று கேட்பார். அப்புறம் பேச்சு தானாக வளரும். அந்த நேரத்தில் புத்தகங்கள் பக்கத்து வாங்கில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். விலையை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது உதவும். சில்லறை மாற்றிக்கொண்டு போங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் இல்லாமல் விற்பனை நின்றுபோன நாட்கள் எனக்கு உண்டு.

விலையைப் பற்றியும் யோசிக்கவேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் உங்கள் புத்தகம் பாதி நாள் உழைப்புக்குக் கிட்ட வருகிறது. தோட்டத்தில் விற்கும்போது 450க்குக் கொடுங்கள். அச்சுச் செலவுக்கு மேல் அப்போதும் 100 ரூபாய் நிற்கும். இரண்டு சம்பளத்தில் தருகிறேன் என்பவரின் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், நம்பலாம். வெளியில் 600க்கு 100 பிரதிகளும் தோட்டங்களில் 450க்கு 83 பிரதிகளும் போனாலே அந்த 97,000 வந்துவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். கையில் கொஞ்சம் காசும் ஊரைப் பற்றிய ஏக்கமுமாக வருகிற அவர்கள்தான், என் அனுபவத்தில், முழு விலைக்கு வாங்குகிறவர்கள். சிலர் அங்கே கூட வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்று பிரதிகள் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் விற்கவே வேண்டாம். டீச்சர் சொன்னால் பிள்ளையால் மறுக்க முடியாது, வீட்டில் போய்க் காசு கேட்டு அழும். பாடசாலை நூலகத்துக்கு இரண்டு பிரதிகளை அன்பளிப்பாகக் கொடுங்கள், அங்கே எடுத்து வாசிக்கட்டும். பக்கத்துப் பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் பரிசுப் புத்தகம் வாங்குவார்கள். அந்த அதிபர்களிடம் நேரில் போய்க் கேட்பதில் தப்பில்லை.

இலவசமாகக் கேட்பவர்களைப் பற்றி. யாருடைய வாழ்க்கையை எழுதினீர்களோ அவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுங்கள், அது நம் கடன். மற்றவர்களுக்கு இல்லை. "தரமாட்டியா" என்று கேட்கிறவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எழுத்தாளருக்கு அச்சகம் சும்மா அடித்துக் கொடுக்கும் என்று நினைக்கிறவர் நிறையப் பேர். "இந்தாங்கண்ணே, கையெழுத்துப் போட்டுத் தர்றேன், அறுநூறு ரூபா" என்று ஒரே மூச்சில், புத்தகத்தை நீட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். முதல் மூன்று தரம் முகம் சூடாகும். நாலாவது தரம் சாதாரணமாக வரும். காசு கொடுத்து வாங்கியவர் எப்படியும் ஒரு நாள் திறந்து பார்ப்பார் என்பதையும் நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கடைகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. முப்பத்தைந்து கழிவு அநியாயம் இல்லை, இந்தத் தொழிலில் நடக்கிற வழக்கம்தான். கடைக்காரருக்கு வாடகை இருக்கிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலை மாதிரி இடங்களில் பத்துப் பத்துப் பிரதிகள் இருந்தால், நீங்கள் போக முடியாத ஊர்க்காரரும் பார்ப்பார். ஆனால் துண்டு இல்லாமல் ஒரு பிரதியும் கொடுக்காதீர்கள். எத்தனை பிரதி, என்ன விலை, என்ன கழிவு, எந்தத் திகதி என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு டவுன் கடையில் நான் வாய்ப்பேச்சில் ஐம்பது பிரதிகளை வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் கழித்துப் போனால் கடை கைமாறியிருந்தது. புது முதலாளிக்கு என்னையும் தெரியவில்லை, என் புத்தகத்தையும் தெரியவில்லை. காட்ட என்னிடம் ஒரு கடதாசியும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய்க் கணக்குப் பாருங்கள், முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள்.

பேஸ்புக்கில் அட்டைப் படத்தைப் போட்டுவிட்டு "கிடைக்கும்" என்று எழுதினால் வாழ்த்து நிறைய வரும், விற்பனை வராது. அதற்குப் பதிலாக ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்களை உங்கள் குரலில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, வாங்குகிற வழியையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். தபாலில் அனுப்பும்போது கவனம் தேவை. பல தோட்டங்களில் தபால் இன்னும் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகிறது, லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. பொதி யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. வாங்குகிறவரிடம் டவுனில் தெரிந்த தையல் கடையோ பாமசியோ இருக்கிறதா என்று கேட்டு அங்கே அனுப்புங்கள். கனடா, லண்டன்காரர்கள் கேட்டால் தபால் செலவே புத்தகத்தை விழுங்கிவிடும். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கட்டாகக் கொடுத்துவிடுங்கள்.

விமர்சனத்துக்குப் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களுக்கும் 'ஞானம்', 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகளுக்கும் இரண்டிரண்டு பிரதி அனுப்புங்கள். நீங்கள் யார், கதைகள் எந்த மண்ணைப் பற்றியவை என்று அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் கூட வையுங்கள். பதுளையிலோ கண்டியிலோ மாத்தளையிலோ எழுதுகிற நண்பர்கள் இருந்தால் அங்கே சிறிய அறிமுகக் கூட்டம் ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியீட்டு விழா ஒரு தரம்தான், அறிமுகம் எத்தனை ஊரிலும் செய்யலாம். பிரதேச சபை நூலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். கையில் இருப்பது தீர்ந்த பிறகு 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு ஒரு பிரதியும் அனுமதியும் கொடுங்கள். 2005 முதல் நம் எழுத்தை அங்கே சேர்த்து வைக்கிறார்கள். நம் பக்கம் ஈரத்திலும் கறையானிலும் அழிந்த புத்தகங்கள் கொஞ்சமா?

இரண்டாவது தொகுப்பைக் கட்டாயம் போடவேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். போடும்போது டிஜிட்டல் அச்சில் 200 அடித்தால் போதும். ஒரு பிரதிக்குச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் கட்டிலுக்கடியில் ஒன்றும் கிடக்காது. அச்சுக்குப் போகும் முன்பே தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என் எண் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) எடுத்துவிடுங்கள். நூல் வெளியீட்டுக்கு உதவுகிற திட்டமும் அங்கே உண்டு, அதையும் அப்போதே விசாரியுங்கள். இப்போது கொப்பியில் எழுதுகிற பெயர்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த புத்தகத்துக்கு முன்பணம் கேட்கப் போவது அவர்களிடம்தான். சங்கிலி கழுத்துக்குத் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்த 200 பிரதிக்கான அச்சுக் கணக்கை இரண்டு பேருமாகச் சேர்ந்து போடுவோம்.