வேல்ஸ் பள்ளத்தாக்கு ஊர்களில் கோட்டைகளைத் தவிர, பார்க்கிற மாதிரி பழைய கட்டடங்கள் உண்டா?

உண்டு. ஆனால் கோட்டை பார்த்த கண்ணோடு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

வேலைக்காக இரண்டு வருடம் நியூபோர்ட்டில் இருந்தேன். அங்கிருந்து வடக்கே மலையேறினால் பள்ளத்தாக்கின் மேல்முனையில் பிளைனாவன் என்று ஓர் ஊர். பெயருக்கு வேல்ஷ் மொழியில் 'ஆற்றின் தலை' என்று பொருள். நம் தலைக்காவிரி மாதிரி. முதல் தடவை போனபோது சரியான மழை. கடைத்தெருவான பிராட் ஸ்ட்ரீட்டில் பல கடைகள் மூடிக் கிடந்தன. இந்த ஊரையும் சுற்றியுள்ள மலையையும் சேர்த்தா 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள் என்று நொந்துகொண்டேன். அதற்கப்புறம் நானே நாலைந்து தடவை போயிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் பிறந்தது இரும்பால். 1789-இல் ஆரம்பித்த உருக்காலை இன்றும் இடிபாடாக நிற்கிறது. உலைகளை மலைச்சரிவில் முதுகு சாய்த்தாற்போல் கட்டியிருக்கிறார்கள். தாதுவையும் கரியையும் மேலிருந்தே கொட்டிவிடலாம். அங்கே என்னைக் கட்டிப்போட்டது 1839-இல் எழுப்பிய ஒரு கல் கோபுரம். அது தண்ணீரால் ஓடிய லிஃப்ட். கப்பியின் இரண்டு பக்கமும் இரண்டு கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி. மேலே நிற்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் கனம் கூடி அது இறங்கும். மறுபக்கம் இரும்புப் பாளம் ஏற்றிய வண்டி மேலே வரும். கீழே வந்த தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, மறுபடியும் அதே வேலை. கிணற்றில் இரட்டை வாளி போட்டு இறைத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

உலைகளை ஒட்டியே தொழிலாளர் வீடுகள், ஒரு முற்றத்தைச் சுற்றி. கம்பெனிக் கடையும் அதே முற்றத்தில்தான். கூலி கொடுப்பவரும் முதலாளி, மாவும் சர்க்கரையும் விற்பவரும் முதலாளி. 1860 வாக்கில் அந்த முற்றத்துக்கு நட்ட நடுவில் 50 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்றை வேறு எழுப்பினார்கள். இன்று அதன் அடிப்பகுதி மட்டும் இருக்கிறது. வாசலில் துணி காயப்போட்ட பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

கொஞ்சம் தள்ளி, ஆலை முதலாளிகள் தாமஸ் ஹில்லும் சாமுவேல் ஹாப்கின்ஸும் கட்டிக்கொடுத்த செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம், 1805-ஐச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். உள்ளே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி வார்ப்பிரும்பு. வெளியே கல்லறைகளின் மேல்மூடியும் வார்ப்பிரும்பு. தொட்டியின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. பிறந்ததும் இரும்பு, செத்தாலும் இரும்பு.

பக்கத்திலேயே பள்ளிக்கூடம். சாமுவேல் இறந்த பிறகு அவர் நினைவாகச் சகோதரி சாரா ஹாப்கின்ஸ் 1816-இல் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகக் கட்டியது. இப்போது பாரம்பரிய மையம் அங்கேதான் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கவும் தோதான இடம்.

இதுவரை சொன்னதெல்லாம் முதலாளி வீட்டுப் பணம். நான் போகச் சொல்வது அப்புறம் வந்த கட்டடங்களுக்காக.

மலைமேல் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம், 1980-இல் மூடி 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எல்லாரும் 90 மீட்டர் கீழே இறங்கத்தான் ஓடுவார்கள். இறங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார்கள், தீப்பொறி பயம். ஆனால் மேலே வந்ததும் 1939-இல் கட்டிய குளியல் கூடத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டி: ஒன்று வீட்டு உடுப்புக்கு, இன்னொன்று சுரங்க அழுக்குக்கு. நடுவில் குளியல். அதற்கு முன்னால் கரி அப்பிய உடம்போடு வீட்டுக்குப் போய், அடுப்பங்கரையில் தகரத் தொட்டியில் குளிக்க வேண்டும். வெந்நீர் வைப்பது, முதுகு தேய்ப்பது, உடுப்பை அடித்துத் தூசி தட்டுவது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில். இரண்டு மூன்று பேர் சுரங்கத்துக்குப் போகும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுரங்கக் குளியல் கூடங்களால் அதிகம் பிழைத்தது சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காத பெண்கள்தான் என்பது என் கட்சி.

கடைசியாக ஊருக்குள் இறங்கி வொர்க்மென்ஸ் ஹால். 1895 ஜனவரியில் திறந்தது. ஊரில் இருப்பதிலேயே கம்பீரமான கட்டடம் இதுதான், முதலாளிகள் கட்டிய தேவாலயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நூலகம், வாசகசாலை, பில்லியர்ட்ஸ் அறை, பெரிய அரங்கம் என்று எல்லாம் உள்ளே. செலவு 10,000 பவுண்டு. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் வாரக்கூலியில் ஆளுக்கு அரைப் பென்னி பிடித்தம் கொடுத்து எழுப்பிய கட்டடம். அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, அதாவது 480 அரைப் பென்னி. அப்படியானால் 10,000 பவுண்டு என்பது 48 லட்சம் அரைப் பென்னி! ஒரு ஆள் வருடம் முழுக்கக் கொடுத்தாலும் 26 பென்னிதான் தேறும். வாசலில் நின்றுகொண்டே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, படியேறி உள்ளே போனேன்.

இரும்பாலை எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஹாலில் இன்றும் சினிமா ஓட்டுகிறார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். படம் சுமார்தான். நான் பாதி நேரம் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.